முப்பது இதயங்களும் ஓர் உருண்டைப் புளியும்

நிவேதாவின் உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். பேருந்தில் அவள் பிடித்துவிட்ட கம்பியை அடுத்தவர் தொடத் தயங்குவார். தேர்வு எழுதும்போது விடைத்தாளின் மேல் கைக்குட்டை விரித்து, அதன்மேல் கையை வைத்துக்கொள்வாள். வகுப்பில் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. நான் மட்டும் செய்ததில்லை. ஏனென்றால் நான் உருவாக்கிய கருவி அவள் கையில்தான் மிக அழகாக வேலை செய்தது. அந்த அழகுக்கும் அந்த வியர்வைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க நான் கல்வராயன் மலை வரைக்கும் போகவேண்டியிருந்தது.

சென்னையில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை அடிக்கடி சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். கருவி சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மேலே இரண்டு எஃகுத் தகடுகள். இரண்டு கட்டைவிரல்களையும் அவற்றின்மேல் அரை நிமிடம் வைத்துக்கொண்டால், இதயத்தின் மின்துடிப்பு கைப்பேசித் திரையில் கோடாக ஓடும். மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கும்போது படுக்கவேண்டும், சட்டையைத் தளர்த்தவேண்டும், மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி ஒயர் ஒட்டுவார்கள். என் கருவிக்கு இது எதுவும் வேண்டாம். என் விளக்கப் படங்களின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்: ‘பசை தேவையில்லை.’

துடிப்பு சீராக இருக்கிறதா, தவறுகிறதா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லும் நிரலையும் எழுதியிருந்தேன். நிரல் கற்றுக்கொள்ள மனிதர்களின் பதிவுகள் தேவை. இணையத்தில் வெளிநாட்டுப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை வைத்து முடித்துவிடு என்றார் பேராசிரியர். எனக்கு எங்கள் பக்கத்து மனிதர்கள் வேண்டும் என்றேன். மருத்துவர் இருக்கும் இடத்துக்கு இப்படி ஒரு டப்பா எதற்கு, இல்லாத இடத்துக்குத்தானே வேண்டும்? கல்வராயன் மலைக்குப் போகிறேன் என்றேன். மலைக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டார். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் சார் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அது பக்கத்து வீட்டு மாடி.

அவர் ஒரு கெடு வைத்தார். சனிக்கிழமை காலைக்குள் முப்பது நல்ல பதிவுகள் வந்து சேரவேண்டும். வராவிட்டால் வெளிநாட்டுப் பதிவுகள்தான். அனுமதிக் கடிதங்கள், ஒப்புதல் படிவங்கள், டப்பா, நிவேதா ஆகியவற்றோடு புறப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை, மூங்கில்துறைப்பட்டுக்குள் நுழையும்போதே பேருந்து நின்றுவிட்டது. சர்க்கரை ஆலை வாசலை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டியிருந்தன. நடுவில் இரண்டு மாட்டுவண்டிகள். அரவைக் காலத்தில் எங்கள் ஊர்ச் சாலை கரும்புக்குச் சொந்தம், மிச்சமிருக்கும் இடத்தில் மனிதர்கள் போய்க்கொள்ளலாம். நிவேதா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பக்கத்து டிராக்டரிலிருந்து ஒரு கரும்பை உருவி மடியில் மறைத்துக்கொண்டாள். டிராக்டர்க்காரர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தோம்.

“அது நுனிப்பக்கம்மா, சப்புன்னு இருக்கும். இத்தக் கடி” என்று அடிக்கரும்பாக ஒன்றை உடைத்து நீட்டினார்.

ஊரே வெல்லம் காய்ச்சுகிறதா என்று நிவேதா கேட்டாள். அது ஆலையின் வாசனை என்றேன். இதிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, சென்னைக்குப் போய்த் திரும்பி வந்தபோதுதான் எங்கள் ஊருக்கு வாசனை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

அம்மா கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தோகை கீறிய கோடுகள் முழங்கை வரைக்கும் இருந்தன. நிவேதாவை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னாடி இது, பொண்ணு இப்பிடி எளச்சிப்போய்க் கீது? அந்த ஊர்ல சோறு கம்மியா?” என்று என்னைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. சைவமோ என்று நான் சந்தேகப்பட்ட நிவேதா மூன்றாம் முறை சோறு வாங்கினாள்.

சாப்பிட்டதும் டப்பாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கையைக் கழுவிட்டு வாம்மா என்றேன். ஒருமுறைக்கு மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, போட்டோவுக்கு உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டைவிரல்களை வைத்தாள். திரையில் கோடு வரவில்லை. வெட்டிய புல்லை வாரி இறைத்ததுபோல இரைச்சல் மட்டும் ஓடியது.

“இன்னாடி, எனக்கு நெஞ்சே இல்லன்னுதா?”

“சார்ஜ் கம்மிம்மா” என்றேன். டப்பாவின் பச்சை விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் சின்னப்பொண்ணு அக்கா காத்திருந்தார். மலையில் நான்கு சிற்றூர்களுக்குச் சுகாதாரத் தன்னார்வலர். முப்பத்தைந்து வயது இருக்கும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வாங்கிப்போக மாதம் ஒருமுறை கீழே இறங்குவார். தொலைபேசியில் மட்டுமே பேசியிருந்ததால் என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் போண்டாக் கடையை விட்டுவிட்டுப் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் நான்தானாம்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதை தொடங்கியதும் நிவேதா பேச்சை நிறுத்திவிட்டாள். நாலாவது வளைவில் அவள் முகம் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொள்ளும் முகமாக மாறியது. பின்னிருக்கையிலிருந்து ஓர் அம்மாள், யார் என்னவென்று கேட்காமல், ஓர் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே நீட்டினார். பழம் வந்த நேரம் சரியாக இருந்தது, ஜன்னல்தான் தாமதமாகத் திறந்தது.

இன்னும் எத்தனை வளைவுங்க என்று நடத்துநரிடம் கேட்டாள் நிவேதா.

“எண்ணாதீங்கம்மா. எண்ணுனா ஜாஸ்தியாகும்” என்றார் அவர்.

பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு வளைவில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று அச்சு உடைந்து குறுக்கே நின்றது. சென்னையாக இருந்தால் இந்நேரம் நூறு ஹாரன் அலறியிருக்கும். இங்கே ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் பாறையில் உட்கார்ந்தார். பயணிகளும் இறங்கி உட்கார்ந்தார்கள். லாரிக்காரரே நாலு கிழங்கை எடுத்துக் கொடுக்க, யாரோ சுள்ளி பொறுக்கிச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் யாரோ ஒருவர் பையிலிருந்து வந்தன. சுட்ட கிழங்கைத் தின்றதும் நிவேதாவுக்கு உயிர் வந்தது. லாரிக்குத்தான் வரவில்லை. மிச்ச தூரத்தை நடந்தோம். மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா முன்னால் போனார். அவர் கால்களில் ரப்பர் செருப்பு. விலையுயர்ந்த ஓட்டக் காலணி போட்டிருந்த நாங்கள் இருவரும் இரைக்க இரைக்கப் பின்னால் போனோம்.

நடக்கும்போது அவர் ஒரு கதை சொன்னார். போன மழைக்காலத்தில் அவருடைய கொழுந்தனாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஜீப் பிடித்து, மரம் விழுந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளி, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுத்தால் வாயுத்தொல்லை என்றார்களாம். “காத்துக்குப் போய் நாலு மணி நேரம் ஜீப்பு” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “அதுக்கு முன்னாடி எங்க பெரியப்பாவுக்கு வந்துச்சி. அத காத்துன்னு நெனச்சிக்கினு நாங்க கௌம்பல.”

அதற்குப்பிறகு நான் டப்பா இருந்த பையை முதுகிலிருந்து முன்பக்கம் மாற்றி அணைத்துக்கொண்டு நடந்தேன்.

அன்று மாலை அக்கா வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சாமை எங்கள் ஊர்க் கடையில் சர்க்கரை நோயாளிகள் தேடி வாங்கும் பொருள். இங்கே அது வெறும் சோறு. நிவேதா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பங்குனி மாதத்தில் தமிழ்நாட்டில் ஸ்வெட்டர் போட்டேன் என்று படம் எடுத்து அனுப்பப் பார்த்தாள், சிக்னல் இல்லை. சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி வடக்கே பார்த்து நிற்கவேண்டும்.

வியாழன் காலை துணைச் சுகாதார நிலையத்தின் முன்னால் பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அக்கா சொல்லிவைத்திருந்தார். எல்லோரும் தலைகுளித்து, நல்ல புடவை கட்டி, சிலர் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழுக்கோடு வரக்கூடாது என்பது அங்கே வழக்கம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டதை ஒன்று விடாமல் செய்தேன். முதலில் சோப்பு, பிறகு தண்ணீர், பிறகு துண்டு, கடைசியில் கைக்கிருமிநாசினி. நன்றாக உலரும்வரை கையை விசிறச் சொன்னேன். பதினெட்டுப் பேரும் வரிசையாக நின்று கையை விசிறியது, ஏதோ பறவைக் கூட்டம் கிளம்பப் போவதுபோல இருந்தது.

முதல் ஆளுக்குப் புல். இரண்டாவது ஆளுக்கும் புல். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது.

குழல்விளக்கை அணைத்தேன், மின்சார இரைச்சலாக இருக்கலாம். தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியிலிருந்து தள்ளி உட்கார்ந்தேன். ஒயரை மாற்றினேன். கைப்பேசியை மாற்றினேன். வளையல்களைக் கழற்றச் சொன்னேன். பதினெட்டுப் பேரில் இரண்டே பேருக்குக் கோடு வந்தது. ஒருவர் அங்கன்வாடி ஆசிரியை. இன்னொருவர் பிள்ளை பெற்று மூன்று மாதமாக வீட்டிலேயே இருக்கும் ஒரு பெண். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுத்திப் பிடியுங்கள், லேசாகப் பிடியுங்கள், மூச்சுவிடாதீர்கள் என்று மாற்றி மாற்றி ஏவிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் அலமேலு என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருக்கு மட்டும் நான்கு முறை முயன்றேன். நான்காவது முறையும் புல்லைப் பார்த்துவிட்டு அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“ரேசன் கட மிஷினும் இப்பிடித்தான். வெரல வெச்சா ஆளு இல்லன்னும். நான் அங்கயே நின்னுக்கினு இருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, கோபித்துக்கொள்ளாமல், வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்று எங்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே எல்லோரும் போய்விட்டார்கள். அதற்கு அவர்கள் கோபித்தே இருக்கலாம்.

மாலையில் சிக்னல் பாறை மேல் ஏறிப் பேராசிரியருக்குப் பேசினேன். எத்தனை என்றார். இரண்டு என்றேன். அவர் திட்டவில்லை. நல்ல முயற்சி, வெளிநாட்டுப் பதிவுகளை வைத்து முடித்தாலும் மதிப்பெண் குறையாது என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் சுட்டது. என் ஆய்வேட்டில் ‘தரமற்ற பதிவு, நீக்கப்பட்டது’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பதினாறு பெண்கள் தலைகுளித்துப் பூவைத்துக்கொண்டு வந்து அந்தப் பத்திக்குள் போய் உட்காரப் போகிறார்கள். நான் முகம் பார்த்திராத யாரோ வெளிநாட்டுக்காரர்களின் இதயங்கள் அவர்கள் இடத்தில் துடிக்கும். பக்கத்தில் நின்ற நிவேதா என் தோளில் கைவைத்தாள். சட்டை ஈரமானது. அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை யாருமே வரவில்லை. கோபமோ என்று பயந்தேன். அக்கா சிரித்தார். மறுநாள் புளி வாங்க வண்டி வருகிறது, எல்லோரும் களத்தில் புளி தட்டுகிறார்கள், எழுந்து வர நேரமில்லை, வேண்டுமென்றால் நாம் அங்கே போகலாம் என்றார். வேறு வழியில்லாமல் சோப்பு, பக்கெட், துண்டு, கிருமிநாசினி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனோம்.

பலாமர நிழலில் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கல், கையில் ஓர் இரும்புத் துண்டு. ஓடு நீக்கிய புளியைக் கல்லின்மேல் வைத்து ஒரு தட்டு, ஒரு பிளப்பு, ஒரு விரல் நெம்பு. கொட்டை தெறித்து ஒரு பக்கம் விழும், சதை இன்னொரு பக்கம் சேரும். கண் அந்தக் கையைப் பார்ப்பதில்லை. கண் எங்களைப் பார்த்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது. நிவேதாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லையென்றால் ஏன், மெட்ராஸில் ஆண்களே கம்மியா என்று விசாரணை நடந்தது. அவள் வாயில் ஆளுக்கு ஒரு புதுப்புளியைத் திணித்தார்கள். அவள் முகம் சுருங்கிய விதத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை திணித்தார்கள்.

நான் அலமேலுவின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கிறேன், கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன். பக்கெட்டை நகர்த்தினேன்.

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. “நேத்து கழுவுனதுக்கு இன்னா கண்டீங்க?” என்றார்.

நான் சோப்பை எடுத்து நீட்டினேன்.

“ஈரக்கையோட திரும்பத் தொட்டா புளி கெட்டுப்பூடும். காயுற வரைக்கும் சும்மா குந்திக்கினு இருக்க முடியாது. இப்பிடியே வெச்சிக்கிறதுன்னா குடு, இல்லன்னா விடு பாப்பா.”

அவர் கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் பழுப்பாகப் பிசுபிசுத்தன. ஆறு மாதம் உழைத்து மெருகேற்றிய என் எஃகுத் தகடுகளைப் பார்த்தேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கொடுத்தேன். அவர் இரண்டு கட்டைவிரல்களையும் பச்சக்கென்று வைத்தார்.

கோடு வந்தது.

வந்தது என்றால், பாடப்புத்தகத்தில் அச்சிட்டதுபோல வந்தது. முதலில் ஒரு சின்ன மேடு, பிறகு செங்குத்தான ஒரு சிகரம், பிறகு சரிந்து ஒரு குன்று. மறுபடி மேடு, சிகரம், குன்று. அடியில் கொஞ்சம் அலைந்தது. அதை நிரலில் சரிசெய்துகொள்ளலாம். நிவேதா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்து, “ஏய், இது என் கோடு மாதிரியே இருக்குடி” என்றாள்.

அப்போதுதான் தோன்றியது. அவள் கோடு அழகாக வருவதற்குக் காரணம் என் கருவி இல்லை. அவள் வியர்வை. அதில் ஈரம் இருக்கிறது, உப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மின்சாரத்துக்கு வழி. மருத்துவமனைப் பசையும் அதே வேலையைத்தான் செய்கிறது. பசை தேவையில்லை என்று நான் கொட்டை எழுத்தில் போட்டதற்குக் காரணம், நான் சோதித்துப் பார்த்த கைகள் பசையைத் தாங்களே சுரந்துகொண்டிருந்ததுதான். இங்கே இருக்கும் கைகள் காய்த்த கைகள். வருஷக்கணக்கில் மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துத் தடித்த தோல், கட்டாந்தரைபோல மின்சாரத்தை மறிக்கிறது. அந்தத் தோலை நான் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி, இருந்த கொஞ்ச ஈரத்தையும் விசிறி விரட்டியிருக்கிறேன். புளியில் ஈரம் இருக்கிறது, உப்புகள் இருக்கின்றன, புளிப்பும் சேர்ந்திருக்கிறது. காலையிலிருந்து அதிலேயே ஊறிய தோல் இளகி வழிவிட்டுவிட்டது.

ஒரு கோட்டை நம்பிக் குதிக்கக்கூடாது என்று படித்திருக்கிறேன். சின்னப்பொண்ணு அக்காவிடம், கழுவிய கையோடு பிடிக்கச் சொன்னேன். புல். புளி தொட்ட கையோடு பிடிக்கச் சொன்னேன். சிகரம். வெறும் தண்ணீர் தொட்டுப் பார்த்தேன். வந்து வந்து மங்கியது. மறுபடி புளி. மறுபடி சிகரம். இதை மூன்று பேரிடம் செய்தேன். பிறகு எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டுமே என்று நெல்லிக்காய் அளவுப் புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பஞ்சால் தொட்டு வைக்க ஏற்பாடு செய்தேன். வெடிப்பு இருந்தால் எரியுமே என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

“எரிஞ்சி எரிஞ்சி இப்ப எரிச்சலுக்கே சலிச்சிப்போச்சி” என்றார் அலமேலு. அன்று அவர்தான் எனக்கு உதவியாளர். யார் அடுத்து, யார் நேற்று வந்தவர், யார் இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டு அனுப்பினார். தட்டும் கை நிற்கவேயில்லை. ஆண்களும் வந்தார்கள். ஒரு தாத்தா தன் கோட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருடைய கோட்டைவிடத் தன்னுடையது உயரமா என்று கேட்டார். உயரத்துக்கும் வீரத்துக்கும் தொடர்பில்லை என்று நிவேதா விளக்கினாள். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

மதியம் களத்திலேயே சாப்பிட்டோம். கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. முப்பதாவது பதிவு எடுத்தபோது வெயில் பலாமரத்தின் மறுபக்கம் போயிருந்தது. அதற்கு மேலும் நான்கு எடுத்தேன். நேற்று கோடு வராத பதினாறு பேரும் அதில் இருந்தார்கள்.

எண்ணி முடித்துப் படிவங்களை அடுக்கும்போது கை நின்றுவிட்டது. சார்ஜ் கம்மிம்மா. அம்மாவிடம் சொன்ன அந்த வார்த்தை மறுபடி காதில் விழுந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா தலைவாரிவிடும்போது, அவள் விரல் வெடிப்பில் என் முடி சிக்கிச் சுரீரென்று இழுக்கும். வலிக்குதும்மா என்று கத்துவேன். அந்த விரல் எப்படிப்பட்டது என்று என் தலைக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தலையை வைத்துக்கொண்டு யோசித்து, அந்த விரலைத் தவிர மற்ற எல்லா விரல்களுக்கும் பொருந்துகிற கருவியைச் செய்திருக்கிறேன். முதல் தலைமுறை, முதல் தலைமுறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு.

சனிக்கிழமை காலை சிக்னல் பாறை மேல் நின்று முப்பத்துநான்கு பதிவுகளையும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பேராசிரியர் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். பசை தேவையில்லை என்ற பக்கத்தை நீக்கிவிடுகிறேன் சார் என்றும் சொன்னேன். மறுமுனையில் கரகரவென்று ஏதோ கேட்டது. சிக்னல் போய்விட்டதென்று நினைத்து வடக்கே இன்னும் கொஞ்சம் திரும்பி நின்றேன்.

“புதுப்புளியா, பழைய புளியா?” என்றார்.

“புதுசு சார்.”

“பழசுல எடுத்துப் பார்த்தியா? வருஷம் பூரா புதுப்புளி கிடைக்காதே.”

கேள்வி கேட்டுவிட்டார் என்றால் வேலை தொடர்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டுப் பதிவுகளைப் பற்றி அவர் பேசவேயில்லை. நான் பாறையிலிருந்து இறங்காமல் குதித்தேன், முழங்காலில் சிராய்ப்பு.

இறங்கும்போது பேருந்தில் எங்கள் மடியில் ஆளுக்கு ஒரு புளி உருண்டை. அலமேலு கொடுத்தது. நிவேதா இந்த முறை வளைவுகளை எண்ணவில்லை, தூங்கிவிட்டாள். கிழங்கு லாரியை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள், இன்னும் அதே வளைவில்தான் நின்றது. அதன் நிழலில் யாரோ சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை இறக்காமல், பழைய புளி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். உப்புப் போட்டுப் பானையில் வைத்திருந்த போன வருஷத்துப் புளி, கருத்துப்போய், அல்வா மாதிரி இருந்தது. நெல்லிக்காய் அளவு எடுத்துக் கரைத்து வடிகட்டினேன். அம்மா பழக்கதோஷமாகக் கையைக் கழுவ எழுந்தாள். வேண்டாம் என்று உட்காரவைத்தேன். அவளுடைய இரண்டு கட்டைவிரல்களையும் என் மடியில் வைத்துக்கொண்டு பஞ்சால் தொட்டுத் தொட்டு நனைத்தேன். ஒரு வெடிப்பில் பட்டதும் கை லேசாக இழுத்துக்கொண்டது. எரியுதா என்றேன். கரும்புச் சுணைக்கு இது எவ்வளவோ மேல் என்றாள்.

டப்பாவைக் கொடுத்தேன். நிவேதா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள்.

மேடு, சிகரம், குன்று. மேடு, சிகரம், குன்று.

அம்மா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புளிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அன்று அவளிடம் பொய் சொன்னேன், சார்ஜ் இருந்தது, தப்பு என் மிஷின்மேல்தான், கை காய்த்தவர்களை மனதில் வைத்து அதை நான் செய்யவில்லை என்று முழுக்கதையையும் சொல்லி முடித்தேன். மலை, களம், அலமேலு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“இதுக்கா மூணு நாளு மல ஏறிக்கினு கெடந்த? புளி நம்ம வூட்லயே இருந்துச்சேடி” என்றாள்.

நிவேதா முதலில் சிரித்தாள். பிறகு நான். பிறகு அம்மாவும், விரலை எடுக்காமலேயே, உடம்பு குலுங்கச் சிரித்தாள். திரையில் சிகரங்கள் தாறுமாறாக ஆடின. உடம்பு அசைந்தால் கோடு குலையும். விதிப்படி அந்தப் பதிவை நீக்கவேண்டும். சிரிப்பு அடங்கியதும் இன்னொன்று எடுத்தேன். அது சுத்தமாக வந்தது. பழைய புளி என்று குறித்து, முப்பத்தைந்து என்று எண்ணிட்டு, பேராசிரியருக்கு அனுப்பினேன்.

கிண்ணத்தில் மிஞ்சியிருந்த புளித்தண்ணீரை அம்மா வீணாக்கவில்லை. ரசத்தில் ஊற்றினாள். குலைந்த பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.